சார், கொஞ்சம் இறங்குங்க!

புது வருஷத்துக் காலண்டர் வீட்டுக்கு வந்தால் மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பார்கள், முகூர்த்த நாள் பார்ப்பார்கள். என் மனைவி, எந்தப் பண்டிகை எந்தக் கிழமையில் விழுகிறது என்று பார்ப்பாள். வங்கியில் வேலை. 2026 காலண்டரைப் புரட்டிக்கொண்டே போனவள் நவம்பர் 8-இல் நின்றாள். தீபாவளி, ஞாயிற்றுக்கிழமை. "போச்சு!" என்றாள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன்.

பொங்கல்தான் அவளைத் தேற்றியது. வியாழன் பொங்கல், வெள்ளி திருவள்ளுவர் தினம், சனி உழவர் திருநாள். சனிக்கிழமையில் விழுந்ததற்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டேன். "அது மூணாவது சனிங்க" என்றாள். 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை. மூன்றாவது சனி வேலை நாள். அன்றைக்குப் பண்டிகை வந்தால் கொள்ளை லாபம். உழவர்களுக்கே அந்த நாளில் இவ்வளவு மகிழ்ச்சி இருக்குமா தெரியாது.

இவர்களுக்கு விடுமுறை வாங்கித் தருவது 1881-ஆம் வருஷத்துச் சட்டம். செக்குக்கும் புரோநோட்டுக்கும் வெள்ளைக்காரன் போட்டது. என்னைப் போன்ற தனியார் கம்பெனிக்காரனை அவன் நினைத்தே பார்க்கவில்லை. எனக்குப் பொங்கலன்று ஒரு நாள். மீதியெல்லாம் மேனேஜர் முகம் பார்த்து வாங்க வேண்டியது. அவள் லீவில் இருந்தால் நான் ஆபீசில் இருப்பேன். நான் லீவு போட்டால் அன்றைக்கென்று அவள் கிளையில் ஆடிட் வந்து இறங்கும். எங்கள் ஒற்றுமைக்குக் காரணம் இதுதான் என்பது மாமனாரின் கணிப்பு.

மாமனார் ஊர் திருச்சி. முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னாலேயே ரயில் டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள். அந்த அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தோம். காபி ஆறுவதற்குள் கிடைத்தது வெயிட்டிங் லிஸ்ட். "காரை எடுத்துடலாம்" என்றாள். 'எடுத்துடலாம்' என்று என்னையும் சேர்த்துக்கொண்டது ஒரு மரியாதைக்கு. எடுப்பது அவள்தான்.

எனக்குக் கார் ஓட்ட வராது. டிரைவிங் ஸ்கூலில் 'எச்' போடச் சொன்னார்கள். நான் போட்டதை எந்த மொழியிலும் சேர்க்க முடியாது என்று சொல்லிக்கொடுத்தவர் கைவிட்டார். அதிலிருந்து இடப்பக்க சீட்டு எனக்கு. சும்மா உட்கார்ந்து வருகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுவது, கமலா ஆரஞ்சை உரித்துக் கொட்டை நீக்கிக் கொடுப்பது, மேப் சொன்னதையே திருப்பிச் சொல்லித் திட்டு வாங்குவது, இடது கண்ணாடியை மறைக்காமல் தலையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொள்வது. கடைசி வேலையில்தான் கழுத்து வலிக்கும்.

பொங்கலுக்கு முந்தின நாள் மதியம் கிளம்பினோம். "கார்ல போறவங்க கேளம்பாக்கம், திருப்போரூர் வழியா செங்கல்பட்டு போகலாம்னு சொல்றாங்க" என்றேன். "எல்லாருக்கும்தானே சொன்னாங்க? எல்லாரும் அங்க போயிருப்பாங்க. ஜிஎஸ்டி ரோடு காலியா இருக்கும்" என்றாள். அசைக்க முடியாத வாதம். சென்னையில் கார் வைத்திருக்கும் அத்தனை பேரும் இதே வாதத்தோடு ஜிஎஸ்டி ரோட்டில் நின்றிருந்தார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபோது பெருங்களத்தூர் நெரிசல் தீரும் என்றார்கள். தீரவில்லை என்று சொல்வது அநியாயம். கொஞ்சம் தெற்கே நகர்ந்திருக்கிறது.

கூடுவாஞ்சேரி தாண்டுவதற்குள், ஆம்பளைக்குக் கார் ஓட்டத் தெரியாமல் இருப்பது பற்றிய வழக்கமான விசாரணை முடிந்திருந்தது. "ஒரு பாதி தூரமாவது நீங்க ஓட்டினா நான் கொஞ்சம் கண்ணை மூடுவேன். வந்து வாய்ச்சிருக்கு பாருங்க!" சிங்கப்பெருமாள் கோவில் வந்ததும் அதைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள்.

பரனூர் டோல்கேட் கண்ணுக்குத் தெரிந்தது. வரிசை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அப்போதுதான் ரோட்டை ஒட்டிய மண்ணில் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் வந்து எங்கள் முன்னால் மூக்கை நுழைத்தது. என் மனைவி விடவில்லை. கேஷ் கவுண்டரில் இருபது வருஷம் உட்கார்ந்தவள். வரிசையில் குறுக்கே வருகிறவனை அவளுக்குப் பிறவியிலேயே ஆகாது. அவர் ஹாரன் அடித்தார். இவள் அரையடி முன்னேறினாள். அவர் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி, கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். நேராக என் ஜன்னலுக்கு.

"என்ன சார் வண்டி ஓட்டுறீங்க?"

என் முன்னால் ஸ்டீயரிங் இல்லை. கையில் பாதி உரித்த ஆரஞ்சு.

"நான் ஓட்டல சார்."

"ஓட்றது நான். என்கிட்ட பேசுங்க" என்றாள் இவள்.

"உங்ககிட்ட பேசலம்மா. சார்கிட்ட பேசிட்டிருக்கேன். லேடீஸ் கையில வண்டியக் குடுத்துட்டு நீங்க என்ன சார் பண்றீங்க? கொஞ்சம் இறங்குங்க சார்!"

ரோட்டுச் சண்டைக்கும் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. எதிரில் ஓர் ஆம்பளை வேண்டும். அவன் இறங்க வேண்டும், 'யாருன்னு நெனச்ச?' என்று கேட்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் மடித்துவிட்ட கைக்கு வேலை இல்லை. பாவம், அந்த மனிதர் என்னை நம்பி வந்திருந்தார்.

"இறங்கி என்ன சார் பண்றது? எனக்கு ஓட்டவே தெரியாது."

அவர் முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்தது. "கத்துக்கவே இல்லையா?"

"கத்துக்கிட்டேன். வரல."

குனிந்து என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். சொந்தத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டவர் முகம். "இந்த வயசுல, இதுகூடத் தெரியாம எப்படி சார்..."

"அவர் ஓட்டுவாரு, ஓட்டாம இருப்பாரு. அதைக் கேக்க நீங்க யாரு?" என் மனைவியின் குரலில் பக்கத்து வண்டிக் கண்ணாடிகள் இறங்கின. "அவருக்கு ஆயிரம் வேலை தெரியும். இது ஒண்ணு தெரியலன்னா என்ன இப்போ?" அந்த ஆயிரம் வேலைகளில் ஒன்றிரண்டின் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்க எனக்கே ஆசையாக இருந்தது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து அவள் என்ன கேட்டுக்கொண்டு வந்தாளோ அதைத்தான் அவரும் கேட்டார். ஆனால் அந்தப் பேச்சுக்கு எங்கள் வீட்டில் லைசென்ஸ் ஒரே ஒருவருக்குத்தான்.

அவர் திரும்பிப் போய் வண்டியை எடுத்தார். குறுக்கே நின்றது அவர் வண்டி என்பதால் முன்னால் போனதும் அவரே. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

டோல்கேட்டில் அவருக்குக் கட்டை தூக்கவில்லை. பின்னால் போனார், முன்னால் வந்தார்; அப்படியும் தூக்கவில்லை. பாஸ்டேக்கில் பணம் இல்லை. எங்களுக்குப் பின்னாலிருந்து மொத்தத் தென் தமிழகமும் ஹாரன் அடித்தது. அவர் பர்ஸைத் திறந்து நோட்டுகளை எண்ணத் தொடங்கினார்.

அதற்கு மேல் என் மனைவியால் பொறுக்க முடியவில்லை. அது கோபம் இல்லை, தொழில். பேலன்ஸ் இல்லாத ஒரு வாடிக்கையாளர், கண்ணெதிரே கூடுதலாகப் பணம் கட்டப் போகிறார். இறங்கிப் போய்விட்டாள்.

"ரொக்கமா குடுக்காதீங்க. ரெண்டு மடங்கு ஆகும். யுபிஐல கட்டுங்க, ஒண்ணேகால் மடங்குதான். போன நவம்பர் 15-லேர்ந்து அப்படித்தான்."

அவர் விழித்தார். "எங்க மேடம் கட்றது?"

'அம்மா' இப்போது 'மேடம்' ஆகியிருந்தது. அவள் க்யூஆர் அட்டையைக் காட்டினாள். அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார். வாங்கி அவளே ஸ்கேன் செய்து, "பின் நம்பரை மட்டும் நீங்க போடுங்க, என்கிட்ட சொல்லாதீங்க" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஊருக்குப் போனதும் மொதல்ல கேஒய்சி சரியா இருக்கான்னு பாருங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். இன்னும் இரண்டு நிமிஷம் விட்டிருந்தால் பிக்சட் டெபாசிட் போட வைத்திருப்பாள்.

கட்டை தூக்கியது. அவர் தலையை வெளியே நீட்டினார். பக்கத்தில் நின்றவளைத் தாண்டி, பின்னால் காருக்குள் ஆரஞ்சோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்!"

நானும் பெருந்தன்மையாகக் கையைத் தூக்கி, "பரவாயில்ல சார், பாத்துப் போங்க" என்றேன்.

விழுப்புரம் வரைக்கும் அவள் என்னிடம் பேசவில்லை. ஆரஞ்சும் வாங்கிக்கொள்ளவில்லை.