லுவார் கரை வில்லங்கம்

பாரிஸிலிருந்து தென்மேற்கே வேக ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம் போனால் தூர் நகரம் வரும். அங்கிருந்து வண்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆறு, திராட்சைத் தோட்டம், வெள்ளைக் கல்லில் ஒரு கோட்டை. இன்னும் கொஞ்சம் போனால் மறுபடியும் ஆறு, தோட்டம், இன்னொரு கோட்டை. லுவார் பள்ளத்தாக்கு அழகு என்று 2000இல் யுனெஸ்கோவே முத்திரை குத்திவிட்டதால் அழகுக்கு என் சாட்சி தேவையில்லை. கோட்டை பார்க்கப் போகிறவர்கள் தூண், கோபுரம், கூரை என்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்து வலியோடு திரும்புகிறார்கள். நம்மூரில் கால் கிரவுண்டு வாங்குவதற்கே முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிற ஆட்கள் நாம். இந்தக் கோட்டைகளுக்கும் அதைப் போட்டுப் பார்க்க வேண்டாமா? யார் கட்டினார், யார் பிடுங்கினார், நடுவில் யார் தலை போனது?

ராஜாக்கள் இந்தப் பட்டிக்காட்டுக்கு வந்தது காற்று வாங்க அல்ல. நூறாண்டுப் போரில் பாரிஸ் எதிரி கைக்குப் போனதும் ஏழாம் சார்ல் ஓடி ஒளிந்த இடம் இது. 1429இல் ஷினோன் கோட்டையில் அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான், ஜோன் என்ற பதினேழு வயது விவசாயப் பெண் வந்து சண்டைக்குக் கிளப்பினாள். பாரிஸ் திரும்பக் கிடைத்த பிறகும் அரச குடும்பம் ஊர் திரும்புவதில் அவசரம் காட்டவில்லை. இங்கே வேட்டை நன்றாக இருந்தது, மதுவும் நன்றாக இருந்தது. பாரிஸ்காரர்கள்தான் நன்றாக இல்லை.

முதலில் லாங்ஜே கோட்டை. 1491 டிசம்பர் 6, விடியற்காலை. எட்டாம் சார்லுக்கும் பிரெத்தாஞ் சீமையின் வாரிசான பதினான்கு வயது ஆனுக்கும் கல்யாணம். விடியற்காலையில் என்றதும் நல்ல முகூர்த்தம் என்று நினைத்துவிடாதீர்கள், அக்கம்பக்கம் விழிப்பதற்குள் முடித்தாக வேண்டும். ஏனென்றால் ஆனுக்கு முந்தைய வருடமே ஹாப்ஸ்பர்க் வாரிசு மாக்ஸிமிலியனோடு கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்கு நேரில் வர நேரமில்லை. பிரதிநிதியை அனுப்பினார். அந்த மனிதர் சாட்சிகள் முன்னிலையில் மணப்பெண்ணின் படுக்கையில் ஒரு காலை மட்டும் நுழைத்து எடுக்க, சாந்தி முகூர்த்தம் நடந்ததாகப் பதிவாயிற்று.

சார்ல் மட்டும் யோக்கியமா? அவருக்குச் சின்ன வயதிலேயே நிச்சயம் செய்து, மூன்று வயதிலிருந்து ஃபிரான்ஸில் வளர்ந்துகொண்டிருந்த மார்கரெட், அதே மாக்ஸிமிலியனின் மகள்! ஆகவே அன்று விடியற்காலை மாப்பிள்ளை தன் வருங்கால மாமனாரின் மனைவிக்கு மோதிரம் போட்டார். மாமனாரின் மகளையாவது உடனே வீட்டுக்கு அனுப்பினாரா என்றால், வரதட்சணையாக வந்த சீமைகளை விட மனமில்லாமல் 1493 வரை இழுத்தடித்தார். லாங்ஜேயில் இந்தக் கல்யாணத்தை மெழுகு பொம்மைகளாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எல்லார் முகத்திலும் மகா சாந்தம்.

ஆனின் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: ராஜா ஆண் வாரிசு இல்லாமல் செத்தால், அடுத்த ராஜாவையே அவள் கட்டிக்கொள்ள வேண்டும். அதாவது பெண் மாறலாம், பிரெத்தாஞ் கைமாறக்கூடாது. ஷரத்துக்கு 1498 ஏப்ரல் 7 அன்று வேலை வந்தது. அம்புவாஸ் கோட்டையில் டென்னிஸின் கொள்ளுத்தாத்தா விளையாட்டு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பார்க்கப் போன சார்ல் தாழ்வான நிலையில் நெற்றியை மோதிக்கொண்டார். ஆள் ரொம்பக் குள்ளம், அப்படியும் இடித்துக்கொண்டார் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் கொம்மின் எழுதி வைத்திருக்கிறார். போகிறவர் வருகிறவர் எல்லாம் சிறுநீர் கழிக்கும் நடை அது என்ற தகவலையும் அவர் விடவில்லை. ஃபிரான்ஸின் ராஜா அதே நடையில், வைக்கோல் படுக்கையில், ஒன்பது மணி நேரம் கிடந்து செத்தார். வயது இருபத்தேழு. இத்தாலி மீது படையெடுத்துப் போய் உயிரோடு திரும்பியவர், சொந்த வீட்டு வாசற்படியிடம் தோற்றார்.

அடுத்த ராஜா பன்னிரண்டாம் லூயி. அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, அதுவும் செத்துப்போன ராஜாவின் அக்கா ழான். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தை, நடக்கவே இல்லை என்று வழக்காடி, போப்பிடம் ரத்து வாங்கினார் லூயி. 1499 ஜனவரியில் ஆனோடு மறுபடியும் மேளம். ழான் மடத்துப் பக்கம் ஒதுங்கினார். அவருக்கு ரோமாபுரி 1950இல் புனிதர் பட்டம் கொடுத்தது. அந்தப் புருஷனோடு இருபத்திரண்டு வருடம் இருந்ததற்கே கொடுத்திருக்கலாம்.

ராஜாக்கள் இப்படிக் கல்யாணத்தில் மும்முரமாக இருக்க, கட்டட வேலையைக் கவனித்தது கணக்கப்பிள்ளைகள். அஸே-லெ-ரிதோ கோட்டையை அந்திரு ஆற்றின் நடுவே 1518 முதல் எழுப்பியவர் ழில் பெர்த்தலோ, அரசாங்கக் கஜானா அதிகாரி. ஷெனோன்ஸோ கோட்டையை 1513 முதல் ஷேர் ஆற்றில் எழுப்பியவர் தொமா போயே, வரி வசூல் அதிகாரி. இரண்டு இடத்திலும் கணவர் வேலையாக ஊர் சுற்ற, மேஸ்திரிகளை நின்று வேலை வாங்கியது மனைவிமார்தான். கஜானா ஆட்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சம்பந்திகள், சகலைகள். தணிக்கை என்று ஒன்று நடந்தால் அது கல்யாணப் பந்தியில்தான் நடந்திருக்கும்.

லூயிக்கு அடுத்துப் பட்டத்துக்கு வந்த முதலாம் ஃபிரான்ஸுவாவுக்குப் பண முடை வந்தபோது பந்தி கலைந்தது. இந்தக் கூட்டத்தின் பெரியவர் ஸெம்ப்லான்ஸேயை 1527இல் தூக்கில் போட்டார். கணக்கைப் பார்த்தவர்கள் ராஜாதான் அவருக்குக் கடன் பாக்கி என்று சொன்னது வேறு விஷயம். கடன் கொடுத்தவரைத் தூக்கில் போட்டால் கடன் தீர்ந்துவிடுகிறது, அல்லவா? சேதி கேட்டதும் பெர்த்தலோ பாதி கட்டிய வீட்டை விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். ராஜாவைக் குளிர்விக்க முகப்பில் அவருடைய நெருப்புப் பல்லி சின்னத்தையெல்லாம் செதுக்கி வைத்திருந்தார் பாவம். பெயர்ப்பலகை மாற்றும் செலவுகூட வைக்காமல் ராஜா எடுத்துக்கொண்டார். போயேயின் மகனும் அப்பா வைத்த பாக்கிக்காக 1535இல் ஷெனோன்ஸோவை எழுதிக்கொடுத்தான்.

ஃபிரான்ஸுவா சொந்தமாகக் கட்டியது ஷாம்போர். 1519இல் ஆரம்பம். நானூற்றுச் சொச்சம் அறை, 282 கணப்பு, சுற்றிலும் 32 கிலோமீட்டர் மதில். நடுவில் இரட்டைச் சுருள் படிக்கட்டு: ஒருவர் ஏறலாம், ஒருவர் இறங்கலாம், முகத்தில் முழிக்க வேண்டியதில்லை. யோசனை லியோனார்டோ டாவின்சியுடையதாக இருக்கலாம் என்பார்கள். யாருடையதாக இருந்தாலும் அந்த அரண்மனையின் குடும்ப நிலவரம் தெரிந்து கொடுத்த யோசனை. 1525இல் பாவியா போரில் ஃபிரான்ஸுவா எதிரியிடம் பிடிபட்டார். தன் இரண்டு பையன்களைப் பிணையாக ஸ்பெயினில் விட்டுவிட்டு 1526இல் வெளியே வந்தார். மீட்புத் தொகை இருபது லட்சம் பொற்காசு. வந்த கையோடு என்ன செய்தார்? ஷாம்போரில் நின்றிருந்த கட்டட வேலையை மறுபடி தொடங்கினார். பையன்கள் 1530 வரை சிறையில் கிடந்தார்கள். 1539இல், தன்னைச் சிறைப்பிடித்த அதே பேரரசர் ஐந்தாம் கார்லோஸையே விருந்துக்குக் கூப்பிட்டுக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்.

முப்பத்திரண்டு வருட ஆட்சியில் அவர் அங்கே தங்கியது மொத்தம் எழுபது நாள் சொச்சம். குற்றம் சொல்ல முடியாது. உள்ளே மேசை நாற்காலி கிடையாது. ராஜா வரும்போது கட்டில், திரைச்சீலை, சட்டி பானை எல்லாம் வண்டிகளில் வரும், போகும்போது திரும்பிப் போகும். 282 கணப்பு எரித்தாலும் குளிர் போகாது. சதுப்பு நிலம் வேறு, கொசு ராஜா வீடு என்று பார்ப்பதில்லை.

ஸ்பெயினில் கிடந்த பையன்களில் ஒருவர்தான் பின்னாளில் இரண்டாம் ஆன்ரி. பெரிய வீடு காத்தரின் த மெடிசி. சின்ன வீடு டியான் த புவாத்தியே, அவரைவிடக் கிட்டத்தட்ட இருபது வயது மூத்தவர். இளமைக்காகத் தங்கத்தைக் கரைத்துக் குடித்தவர்: 2009இல் அவர் தலைமுடியைச் சோதித்த ஆய்வாளர்கள் அளவுக்கு மீறித் தங்கம் கண்டார்கள். 1547இல் பட்டத்துக்கு வந்ததும் ஆன்ரி ஷெனோன்ஸோவை டியானுக்குக் கொடுத்தார். டியான் வெறும் காதலி இல்லை, விவரமானவர். அரசாங்கச் சொத்தை வாய்வார்த்தையில் வாங்கினால் நாளைக்கு வம்பு என்று வருடக்கணக்கில் சட்டப்படி அலைந்து, 1555இல் முறையாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஆற்றைக் கடக்கப் பாலமும் போட்டார். இவ்வளவு முன்யோசனையும் ஒரு ஈட்டிச் சிம்பில் போயிற்று. 1559இல் மகள் கல்யாணக் கொண்டாட்டத்தில் ஆன்ரி டியானுக்குரிய கறுப்பு வெள்ளை நிறங்களை அணிந்து குதிரைச் சண்டைக்கு இறங்க, உடைந்த ஈட்டியின் சிம்பு கண்ணில் பாய்ந்தது. பத்து நாள் கிடந்தார். டியானை வாசற்படி ஏறவிடவில்லை காத்தரின்.

பிறகு சொத்து விஷயம். பத்திரம் பக்கா. ஆனால் பத்திரத்தைக் காட்ட வேண்டிய ஆளோ ராஜமாதா. ஷோமோன் கோட்டையை எடுத்துக்கொள், ஷெனோன்ஸோவைக் கொடு என்றார் காத்தரின். டியான் வாயைத் திறக்காமல் மாற்றிக்கொண்டார். அவர் போட்ட பாலத்தின் மேலேயே காத்தரின் அறுபது மீட்டர் நீளக் கூடம் எழுப்பி நடன விருந்து வைத்தார். சக்களத்தி தலைமேல் ஆடுவதற்கு இதைவிட நல்ல மேடை கிடைக்காது.

புளுவா கோட்டையைச் சட்டென்று பார்த்துவிடலாம். 1588 டிசம்பர் 23 காலை, காத்தரினின் மகன் மூன்றாம் ஆன்ரி, ரொம்பப் பெரியவனாகிவிட்ட கீஸ் பிரபுவைத் தன் அறைக்கு அழைத்து, மெய்க்காவலர்களை விட்டுக் குத்தவைத்தார். அம்மா அதே கோட்டையில் நோயாகக் கிடந்தார், இரண்டு வாரத்தில் போய்ச் சேர்ந்தார். எட்டு மாதத்துக்குள் மகனையும் ஒரு சாமியார் குத்தினார்.

ஷெனோன்ஸோ மட்டும் தப்பித்துக்கொண்டே வந்தது. புரட்சிக் காலத்தில் இடிக்க வந்தவர்களிடம், சுற்றுவட்டாரத்தில் வேறு பாலமே இல்லை, ஆற்றை எப்படிக் கடப்பீர்கள் என்று கேட்டுக் காப்பாற்றினார் அப்போதைய சொந்தக்காரி துய்ப்பேன் அம்மையார் என்பார்கள். 1913 முதல் அது மெனியே என்ற சாக்லேட் வியாபாரக் குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. முதல் உலகப் போரில் அந்த நடனக்கூடம் ஆஸ்பத்திரி. இரண்டாம் போரில் ஷேர் ஆறே எல்லைக்கோடு. முன்வாசல் ஜெர்மானியர் பக்கம், கூடத்தின் தெற்குக் கதவு மறுபக்கம், இடையில் ஆட்கள் நழுவிப் போனார்கள்.

இப்போது போனால் இரண்டு தோட்டம் இருக்கும். டியான் தோட்டம், காத்தரின் தோட்டத்தைவிட இரண்டு மடங்கு பெரியது. மாளிகைக்குள் டியானின் படுக்கையறை என்று ஒன்றைக் காட்டுவார்கள். கட்டிலைத் தவிர அங்கே கவனிக்க வேண்டியது கணப்புக்கு மேலே மாட்டியிருக்கும் பெரிய படம். காத்தரின். யார் மாட்டினார்களோ, குடும்ப விஷயம் நன்றாகத் தெரிந்தவர்.