நீட்டா, எஸ்.டி.பி.எம்.மா?

கேள்வி: என் மகள் ஆறாம் படிவம் படிக்கிறாள். டாக்டராக வேண்டுமாம். இப்போதே நீட் பயிற்சியில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு தாய், கூலாய், ஜொகூர்

பதில்: எந்த நாட்டில் படிப்பது என்று முதலில் முடிவெடுங்கள் அம்மா. சிங்கப்பூர் போகிறவர் சிகாமட் பேருந்தில் ஏறி என்ன பயன்?

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். என்றால் வெளிநாட்டு மாணவர்களுக்கும் நீட் கட்டாயம். 180 கேள்விகள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கிடைக்கும். தவறினால் 1 போகும். தெரியாத கேள்வியைத் தொடாமல் விடுவதும் அங்கே ஒரு திறமை. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அதுதான் பெரும் சோதனை!

நம் மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு அப்படி ஒரே நுழைவுத்தேர்வு கிடையாது. ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம்.மின் மூன்று தவணைகளும்தான் தேர்வு. தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு பாடங்களுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு. எனவே, "திடலுக்குப் போகாதே, உட்கார்ந்து படி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதன்பின் நேர்முகத் தேர்வு. வலியில் துடிப்பவரிடம் என்ன பேசுவாய் என்று கேட்டால், மனப்பாடம் வாயைத் திறக்காது. வீட்டில் பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, நாலு வார்த்தை பேசும் பிள்ளை அங்கே தடுமாறாது.

உங்கள் மாநிலத்திலேயே, இஸ்கந்தர் புத்ரியில், நியூகாசல் பல்கலைக்கழக மருத்துவ வளாகம் இருக்கிறது. தனியார் கட்டணம்தான், ஆனாலும் மகளை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

எந்தக் கல்லூரிக்குப் பணம் கட்டினாலும், மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் அதன் பெயர் உண்டா என்று முதலில் நீங்களே பாருங்கள். முகவரின் வாய்மொழி போதாது.