இன்னைக்குத் தேதிக்கு

ஊருக்கொரு ஜோசியர் போலக் கடைவீதிக்கொரு சர்க்குலர் சார் உண்டு. உங்கள் ஊரிலும் இருப்பார். வேறு பட்டப்பெயரில் உலவுவார். எங்கள் வீதிக்காரர் காலையில் ஜவுளிக்கடை, பகலில் இரும்புக்கடை, சாயங்காலம் ஸ்வீட் ஸ்டால் என்று ஏழு கடைகளுக்குக் கணக்குப்பிள்ளை. ஆடிட்டர் வேறு ஆள். அவர் ஏசி அறையில் இருந்துகொண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போடுவார். சர்க்குலர் சாருக்குத் தினப்படி வேலை, பயப்படுவது. ஏழு முதலாளிகளும் நிம்மதியாகத் தூங்குவதற்காக, ஏழு பேர் பயத்தையும் இவர் ஒருவரே மொத்தக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்.

சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது, புதிதாக மீள வேண்டிய தேவை இல்லாதவர் வீதியிலேயே இவர்தான். பைக்குள் அரசாணைகள், அறிவிக்கைகள், சர்க்குலர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் டிபன் பாக்ஸ். எலுமிச்சை சாதத்தின் எண்ணெய் கசிந்து சில உட்பிரிவுகள் கண்ணாடி போல ஆகியிருக்கும். சட்டம் தெளிவாகத் தெரியும் இடங்கள் அவை மட்டுமே.

எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது "இன்னைக்குத் தேதிக்கு" என்பதுதான்.

"சார், நெய்க்கு எத்தனை சதவீதம்?"

"இன்னைக்குத் தேதிக்கு அஞ்சு."

நாளைக்கு அவர் பொறுப்பில்லை. மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க என் அச்சகத்துக்கு வந்தபோது, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டேன். "இன்னைக்குத் தேதிக்கு பெங்களூர்ல ஐடி கம்பெனி" என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் யோசித்தார்.

பில் புத்தகம் அச்சடித்துப் பிழைக்கிற எனக்கு இவர் நண்பரா எதிரியா என்று இதுவரை தீர்மானிக்க முடியவில்லை. ஸ்வீட் ஸ்டால் அண்ணாச்சி, "ஒரேயடியா நூறு புக்கு அடிச்சிருங்க, விலை குறையும்லா" என்பார். பின்னாலிருந்து குரல் வரும்: "பத்து போதும் அண்ணாச்சி. பில்லுல இன்னும் என்னென்ன நம்பர் போடச் சொல்வாங்களோ." 2022 ஜனவரி 1 முதல் உணவுக்கடை பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் அச்சடிக்க வேண்டும் என்று வந்தபோது, அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன், சார் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். கர்வத்தை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

மூன்று ஆட்சி கண்டவர் அவர். குமாஸ்தாவாகச் சேர்ந்தது விற்பனை வரிக் காலத்தில். 2007 ஜனவரி 1-ஆம் தேதி வாட் வந்தது. 2017 ஜூலை 1-ஆம் தேதி, நாடாளுமன்ற மைய மண்டபத்தில் நள்ளிரவு விழா எடுத்து ஜிஎஸ்டியைக் கொண்டுவந்தார்கள். அன்று கெட்ட தூக்கம் இன்னும் சரியாகவில்லை. அறிவிக்கைகள் இரவில்தான் பிறக்கின்றன என்பது அவர் அனுபவம். வெள்ளிக்கிழமை இரவு என்றால் இரட்டைப் பிரசவம். வீட்டில் எல்லாரும் சீரியல் பார்க்கும்போது இவர் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டிலும் செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்பதால் அவருக்கு எதையும் தவறவிட்ட வருத்தம் கிடையாது.

வீதியில் அவர் நடந்துபோனால் ஒவ்வொரு கடையிலும் ஒரு வரலாறு இருக்கும். பலசரக்குக் கடையில் 26 கிலோ அரிசி மூட்டை. "இது என்ன கணக்கு, இருபத்தஞ்சுதானே வழக்கம்?" என்று கேட்ட ஒரு அம்மாளிடம், 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய மூட்டைக்கு 5 சதவீத வரி, அதற்கு மேல் போனால் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். அந்த அம்மாள், "அப்போ ஒரு கிலோ அரிசி கவர்மென்ட்டுக்குப் பயந்துக்கிட்டு உள்ள உக்காந்திருக்கு" என்றார். பிரிவு, உட்பிரிவு எல்லாம் படித்த சார் அதைவிடச் சரியான வியாக்கியானம் கேட்டதில்லை என்று இன்றும் சொல்வார்.

ஸ்வீட் ஸ்டாலில் மிக்சர். ஒரே எண்ணெய்ச் சட்டியில் பொரித்ததைத் தட்டில் குவித்து நிறுத்துக் கொடுத்தால் 5 சதவீதம். முன்கூட்டியே பாக்கெட்டில் கட்டி லேபிள் ஒட்டினால் 12 என்று ஒரு காலம் இருந்தது. லேபிள் அடித்துக் கொடுத்தவன் என்ற முறையில், மிச்சம் 7 சதவீதத்துக்கு நான்தான் காரணம் என்பதுபோல அண்ணாச்சி என்னைப் பார்ப்பார்.

அல்வாவுக்கும் அவர்தான் தேதி போட்டார். சில்லறையாக விற்கிற இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும், 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம் என்றார். "நம்ம அல்வா கெட்டுப்போறதுக்கு முன்னாடி சட்டம் கெட்டுப்போயிரும் சார்" என்றார் அண்ணாச்சி. சார் சிரிக்கவில்லை. "அதுலயும் தேதி போட்டிருந்தா எனக்கு இந்தப் பை எதுக்கு?" என்றார்.

பிளாஸ்டிக் பை விற்கிறவன் வந்தால் அது தனிக் கச்சேரி. மத்திய அரசு கணக்கில் பையின் தடிமன் 50 மைக்ரானிலிருந்து 2021 செப்டம்பரில் 75 ஆனது, 2022 டிசம்பரில் 120 ஆனது. "நூத்தியிருபது மைக்ரான் சார், பக்கா லீகல்" என்று அவன் இழுத்துக் காட்டுவான். "அது டெல்லி மைக்ரான் தம்பி. நம்ம ஊர்ல 2019 ஜனவரி ஒண்ணுலேர்ந்து எந்த மைக்ரானும் கிடையாது" என்று சார் மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டுவார்.

இரும்புக்கடை முதலாளி கதை கொஞ்சம் சோகமானது. 2020 அக்டோபரில், 500 கோடிக்கு மேல் வியாபாரம் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்றார்கள். "நமக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். 2021 ஜனவரியில் 100 கோடி. ஏப்ரலில் 50. பாபநாசம் அணை நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்ப்பதுபோல முதலாளி தினமும் கேட்க ஆரம்பித்தார். 2022 ஏப்ரலில் 20, அக்டோபரில் 10. டீ நின்றுபோனது. 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று வந்த அன்று, "எங்க வியாபாரம் குறைஞ்சுதுன்னா தப்பிக்கலாமா சார்?" என்றார். ஒருதடவை எல்லையைத் தாண்டிவிட்டால் பிறகு குறைந்தாலும் விடுதலை இல்லை என்று சார் சொன்னார். முதலாளியின் வாழ்க்கையில் சொந்த வளர்ச்சிக்காக அவர் வருத்தப்பட்ட ஒரே நாள் அது.

மாதம் 20-ஆம் தேதி வந்தால் வீதியே அவர் முகத்தைப் பார்க்கும். ரிட்டர்ன் போடக் கடைசி நாள். தப்பினால் நாளொன்றுக்கு 50 ரூபாய். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும்; ஓடிபி முதலாளியின் போனுக்குப் போகும்; முதலாளி கோயிலில் இருப்பார்; போன் சைலண்ட்டில் இருக்கும். அந்த நேரம் எல்லாரும் எதிர்பார்ப்பது எக்ஸ்டென்ஷன். மழைக்காலத்தில் கலெக்டர் லீவு விடுவாரா என்று பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருப்பார்கள். 2017-18-க்கான ஆண்டு ரிட்டர்னுக்கு முதலில் 2018 டிசம்பர் 31 கடைசி நாள் என்றார்கள். தவணை தவணையாக இழுத்து 2020 பிப்ரவரியில்தான் முடித்தார்கள். சாருக்கு எக்ஸ்டென்ஷன் என்றாலே எரிச்சல். வீட்டுப்பாடம் முடித்து, நனைந்துகொண்டே பள்ளிக்கூட வாசல் வரை போன பிறகு லீவு என்று கேள்விப்படும் முதல் பெஞ்சுப் பையன் அவர்.

இத்தனை பழங்காகிதம் எதற்கு என்று ஒருநாள் அண்ணாச்சிக்குத் தோன்றியது. கடை அலமாரியில் சார் அடுக்கி வைத்திருந்த பழைய சர்க்குலர் கட்டைக் காட்டி, "சட்டமே மாறிப் போச்சு. இதை வடை மடிக்கவாவது எடுத்துக்கட்டுமா?" என்றார்.

"அச்சடிச்ச பேப்பர்ல வடை மடிக்கக் கூடாது அண்ணாச்சி. அதுக்கும் சட்டம் இருக்கு."

பழைய சட்டத்தைப் புதுச் சட்டம் காப்பாற்றிய அபூர்வத் தருணம் அது. அந்தக் கட்டு பிழைத்ததன் அருமை 2023-இல் தெரிந்தது. 2017-18-ஆம் ஆண்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது: நீங்கள் எடுத்த இன்புட் வரி, சரக்கு கொடுத்தவர் காட்டியதோடு பொருந்தவில்லை. மைதா வாங்கி, ஜாங்கிரி பிழிந்து, விற்று, தின்றவர்களுக்குச் சர்க்கரை நோயே வந்து ஆறு வருஷம் ஆகிவிட்ட விவகாரம். அண்ணாச்சிக்கு வியர்த்தது. சார் அவசரப்படாமல் கட்டைப் பிரித்து ஒரு தாளை உருவினார். 183-ஆம் எண் சர்க்குலர், 2022 டிசம்பர் 27. அந்த ஆண்டுக்கான வித்தியாசம் ஒரு சப்ளையரிடம் 5 லட்சத்துக்குள் என்றால் அந்த சப்ளையரிடமே சான்று வாங்கிக் கொடுத்தால் போதும் என்று அதில் இருந்தது. மைதாக்காரரைத் தேடிப்பிடித்து, அவர் கடையை மூடி மகன் வீட்டோடு போயிருந்த ஊருக்கு இரண்டு பஸ் மாறிப் போய், கையெழுத்து வாங்கி வந்தார். அன்றிலிருந்து அண்ணாச்சி அந்த அலமாரிக்கும் சேர்த்துச் சூடம் காட்டுகிறார்.

"ஆள் செத்தா தேதியோட போயிருவான் அண்ணாச்சி. சட்டம் செத்தா அந்தந்தத் தேதியில உயிரோட இருக்கும்" என்றார் சார். அவர் சொன்னதிலேயே தத்துவம் மாதிரி இருந்தது இதுதான்.

2025 செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள், 12 சதவீதமும் 28 சதவீதமும் கிட்டத்தட்ட ஒழிந்தன. நெய், வெண்ணெய், பாதாம், பாக்கெட் மிக்சர் எல்லாம் 5-க்கு வந்துவிட்டன. வீதியில் லட்டு கொடுத்தார்கள். சார் மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பன்னெண்டு சதவீத லிஸ்ட் முழுசா மனப்பாடம். குடை, பென்சில் வரைக்கும் சொல்வேன்" என்றார். பென்சிலுக்கு வரியே இல்லை என்று ஆகிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று, "இருக்கட்டும் சார், பழைய நோட்டீஸ் வரும்" என்றேன். முகம் கொஞ்சம் மலர்ந்தது.

போன வாரம் அண்ணாச்சி மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கடையில் ஒரு ஃப்ரீசர் வைத்துப் பாக்கெட் பரோட்டா விற்கப்போகிறானாம். இனிமேல் எல்லாவற்றையும் போனே சொல்லிவிடும், சாருக்கு எதற்குச் சிரமம் என்று தட்டினான். போன் ஒரு நொடியில், சப்பாத்திக்கு 5, பரோட்டாவுக்கு 18 என்றது. கர்நாடகத்தில் 2020-ஆம் ஆண்டு வந்த ஒரு தீர்ப்பையும் ஆதாரமாகக் காட்டியது. சார் போனை வாங்கவில்லை. கண்ணாடியை மட்டும் நெற்றிக்கு ஏற்றினார்.

"எந்தத் தேதிக்குத் தம்பி?"

பையன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். அதில் எல்லாம் இருந்தது, அது ஒன்றைத் தவிர. கடைசியில் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "இன்னைக்குத் தேதிக்கு என்ன சார்?" என்று கேட்டான். அந்த வார்த்தை இன்னொருவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு சார் சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"செப்டம்பர் இருபத்திரண்டுலேர்ந்து பரோட்டாவுக்கு வரியே இல்லை" என்றவர், பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது நின்றார். "ஆனா இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் லேபிள் அடிக்கக் கொடுத்துராதீங்க."