நாலு காசு அப்பா

தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்து வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மனிதர் ரோந்து கிளம்புகிறார். கையில் லத்தி கிடையாது. இடுப்பில் லுங்கி, தோளில் துண்டு, அவ்வளவுதான். ஆளில்லாத அறையில் சுற்றும் மின்விசிறி, குளியலறையில் அணைக்காத விளக்கு, செல்போனை உருவிய பிறகும் அணைக்காத சுவிட்ச் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "யாருடா பாத்ரூம் லைட்டை எரியவிட்டது? ஈ.பி. ஆபீஸ் என்ன உங்க மாமன் வீடா?" என்ற குரல் அடுத்த வீட்டுக்காரரையும் எழுந்துபோய்த் தம் வீட்டு விளக்கை அணைக்க வைக்கும். இவரைக் கஞ்சர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, ஆனால் பிசகு. கஞ்சருக்குக் கணக்குத் தெரியும். நம்மவருக்குக் கணக்குத் தெரியாது என்பதுதான் என் கட்சி.

அந்தக் குளியலறை விளக்கையே எடுத்துக்கொள்வோம். இப்போது பெரும்பாலான வீடுகளில் எரிவது 9 வாட் எல்.இ.டி. பல்பு. அது ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு செலவாகும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 200 யூனிட்டுக்கு மேல் 400 வரை யூனிட் 4 ரூபாய் 50 காசு. ஆக, அந்த ஒரு மணி நேர ஊதாரித்தனத்தின் விலை நாலு காசு. அதற்குப் பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றாலும் குரல் ஏறிய அளவுக்கு ஏறவில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் எரிந்தது 60 வாட் குண்டு பல்பு. அன்று அவருடைய அப்பா போட்ட சத்தத்தில் ஓரளவு நியாயம் இருந்தது. பல்பு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது, சத்தம் மட்டும் பிதுரார்ஜிதச் சொத்தாகக் குறையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. அதே குளியலறையில் தலைக்கு மேலே தொங்கும் 2000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரத்தில் முழுதாக ஒரு யூனிட்டைக் குடித்துவிடும். அந்த ஒரு யூனிட்டில் கீழே இருக்கும் விளக்கு 111 மணி நேரம் எரியும். ஹீட்டரைப் பற்றி அப்பா வாய் திறப்பதில்லை. காலையில் முதல் ஆளாக வெந்நீரில் குளிப்பவர் அவர்தானே.

சிறு துளி பெருவெள்ளம் இல்லையா என்று அவர் தரப்பு வக்கீல்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி, மின்வாரியத்தின் கட்டண அட்டவணையைப் பார்த்தால் அவர்கள் பக்கம் ஒரு வலுவான சாட்சியும் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். மேலே சொன்ன 2022 கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 25 காசு; 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை பறிபோய் அந்த நூறு யூனிட்டும் 4 ரூபாய் 50 காசு ஆகிவிடும். அந்த 2022 கணக்கில் 501-ஆவது யூனிட்டின் சொந்த விலை 8 ரூபாய். அது இழுத்துக்கொண்டு வரும் அபராதம் 225 ரூபாய். ஒரே யூனிட் 233 ரூபாய்! ஆகையால் ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு நாலைந்து நாளைக்கு முன்பு, டார்ச்சோடு மீட்டர் பெட்டிக்கு எதிரே நின்று எண்களை உற்றுப் பார்க்கும் அப்பா கேலிக்குரியவர் அல்லர். அந்த வாரம் துணியைத் தெருமுனை இஸ்திரி வண்டிக்கு அனுப்புகிறார் என்றால் அது ராஜதந்திரம். ரீடிங்காரர் நாலு நாள் தாமதமாக வந்தால் அவருக்கு வருகிற கோபமும் நியாயமானதே. ஆனால் 500-ஐ நிரப்பியது யார்? ஏ.சி., ஹீட்டர், ஃபிரிட்ஜ். குளியலறை விளக்கு தினமும் ஐந்து மணி நேரம் சும்மா எரிந்தாலும் இரண்டு மாதத்தில் மூன்று யூனிட் தேறாது. துளி சேர்ந்தால் வெள்ளம்தான், மறுக்கவில்லை. இவர் காவல் காப்பது துளியை, திறந்துவிட்டிருப்பது மதகை.

காய்கறி விஷயத்தில் அவருடைய வீரம் இன்னும் விரிவானது. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் தமிழ்நாடெங்கும் பரவியதில் மிகவும் மகிழ்ந்தவர்களில் இவரும் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஆறு கிலோமீட்டர் பைக்கில் போய், தக்காளி கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவாக வாங்கி வந்து, அதைக் காலைச் சிற்றுண்டி முடியும் வரை சொல்லிக்கொண்டிருப்பார். போக வர பன்னிரண்டு கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் 27 ரூபாய் புகையாகிவிடுகிறது. ஒரு வாரத்துக்கான மொத்தக் காயையும் அங்கேயே வாங்கினால் இது கட்டும், ஒப்புக்கொள்கிறேன். வேடிக்கை வேறிடத்தில் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டம்மாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் போக்குவரத்துச் செலவு பூஜ்யம். ஆனால் அப்பா விடமாட்டார். "உனக்குப் பேரம் பேசத் தெரியாது, ஏமாத்திடுவாங்க" என்பார். அந்த அம்மாள் பதில் சொல்வதில்லை. இவர் தரும் மாதப் பணத்தில் வீட்டையும் ஓட்டி, கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் அவர் சேர்த்து வைத்திருந்தது, 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன வாரத்தில்தான் வெளியே வந்தது. பேரம் பேசத் தெரியாதவரின் கஜானாவை மாற்றிவர வங்கி வரிசையில் நின்றவர், பேரத்தில் கைதேர்ந்த அப்பா.

அவர் செய்வது எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. கடலூர் சின்னி கிருஷ்ணன் காட்டிய வழியில் வந்த ஷாம்பு பாக்கெட்டை அவர் சரம்சரமாக வாங்கித் தொங்கவிடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். மில்லி கணக்குப் போட்டால் பல வகைகளில் பாட்டிலைவிடப் பாக்கெட்தான் மலிவு. இந்த வழக்கில் தீர்ப்பு அப்பாவுக்கே. பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழிப்பதும், பழைய நோட்டின் எழுதாத தாள்களைத் தைத்து ரஃப் நோட்டு ஆக்குவதும் யாருக்கும் தொல்லையில்லாத நல்ல காரியங்கள். சத்தமில்லாமல் செய்வதெல்லாம் அவருக்குச் சரியாகவே வருகிறது என்பது கவனிக்க வேண்டிய சங்கதி.

"காசுக்காக இல்லைங்க, பிள்ளைங்க பழகணுமே" என்பது அவருடைய கடைசி அஸ்திரம். பிள்ளைகள் பழகித்தான் இருக்கிறார்கள். தெருவில் பைக் திரும்பும் சத்தம் கேட்டதும் அரை நிமிடத்தில் வீட்டிலுள்ள விசிறிகள் எல்லாம் நின்று, டி.வி. அணைந்து, ஆளுக்கொரு புத்தகம் விரிந்துவிடுகிறது. அவர்கள் கற்றது சிக்கனம் அல்ல, பைக் சத்தம். உண்மையில் பழக்க வேண்டுமானால் வழி சுலபம்: ஈ.பி. கார்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லலாம். எட்டாம் வகுப்புப் பையன் இரண்டே வாரத்தில் ஹீட்டரைக் கண்டுபிடித்துவிடுவான். கார்டு பீரோவில் பூட்டியிருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இவ்வளவு விழிப்பான மனிதர் பெரிய செலவுகளின் முன்னால் ஏன் வாயில்லாப் பூச்சி ஆகிறார்? தனியார் பள்ளிகள் எவ்வளவு வாங்கலாம் என்று நிர்ணயிக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழுவே இருக்கிறது. கீரைக்காரம்மாவிடம் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நிற்பவர், பள்ளி அலுவலகத்தில் குழு போட்ட தொகை என்ன என்று கேட்பதில்லை. கேட்டால் பிள்ளையை ஏதாவது செய்துவிடுவார்களோ என்ற பயம். கல்யாணத்தில் சீர் குறைந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது இன்னொரு பயம். வருமானத்தின் பெரும்பங்கு இப்படி அவரைக் கேட்காமலேயே போய்விடுகிறது. அவர் அதட்டினால் உடனே கீழ்ப்படிகிற செலவு வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அது அந்தச் சுவிட்ச். பாவம், அங்கேயாவது ஜெயிக்கட்டும் என்று விட்டுவிடலாம்தான். நகைக்கடை மட்டும் இல்லாதிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

மகளுக்கு ஒரு சவரன் சங்கிலி. எட்டு கிராமுக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் ஒரு கிராமுக்குச் சற்றே குறைவு. கிராம் ஆறாயிரம் ரூபாய் என்று பழைய விலையையே வைத்தாலும், அந்த ஒரு கிராம் காசில் குளியலறை விளக்கு இரவு பகல் அணையாமல் 16 ஆண்டு எரியும். தங்கம் முதலீடு என்பார். தங்கம் முதலீடுதான், சேதாரம் முதலீடு அல்ல. நாளைக்கு விற்கப் போனால் அதைத் திருப்பித் தருவாரில்லை. இதையெல்லாம் கேட்க வேண்டிய இடத்தில் அவரைக் குளிர்ந்த அறையில் உட்காரவைத்து, பாதாம் பால் கொடுத்து, "உங்களுக்காக அரை பர்சென்ட் குறைச்சிருக்கேன் சார்" என்கிறார்கள். அப்பா தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டுகிறார். பிறகு, சங்கிலியோடு கொடுத்த கட்டைப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இன்னொன்று வேண்டும் என்று வாதாடத் தொடங்குகிறார். வாங்கியும்விடுகிறார்.