கரடிக்கு ஒரு நியாயம்

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் காருக்குள் தின்பண்டம் வைத்தால் கரடி கதவையே பிய்த்துவிடும். அதற்காகவே கார் நிறுத்துமிடங்களில் இரும்புப் பெட்டிகள். முறுக்கு மட்டுமல்ல, பற்பசை, சோப்புகூட அதற்குள் போகவேண்டும்; வாசனை அடித்தால் கரடிக்கு எல்லாம் பலகாரம்தான்.

இதே பூங்காவிலுள்ள எல் கேப்பிடன் பாறையை 2017இல் பாறையேற்ற வீரர் அலெக்ஸ் ஹானல்ட் கயிறில்லாமல் நான்கு மணி நேரத்துக்குள் ஏறினார். படமெடுத்து ஆஸ்கரும் வாங்கினார்கள். கோடையில் அதன் அடிவாரத்தில் கார் நிறுத்த இடம் பிடிப்பவரை யார் படமெடுக்கிறார்கள்?

அடுத்து சான் பிரான்சிஸ்கோ. கோல்டன் கேட் பாலம் மூடுபனிக்குள். பார்த்ததாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான். இங்கேயும் ‘காரில் எதையும் வைக்காதீர்கள்’ பலகை. ஆனால் கண்ணாடியை உடைப்பவருக்கு இரண்டு கால். இரும்புப் பெட்டியும் கிடையாது. கரடியாவது கடவுச்சீட்டை விட்டுவைக்கும். பையைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.