எண்பதுக்கு முடித்து, நாற்பத்தைந்துக்கு எழுதி

வீடு வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன விலைங்க?" புரோக்கர் திருப்பிக் கேட்பது, "உங்ககிட்ட ஒயிட் எவ்வளவு சார் இருக்கு?" விலை பேசுவதுதான் கஷ்டம் என்று இதுவரை வீடே வாங்காதவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். விலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த விலையில் எவ்வளவைப் பத்திரத்தில் காட்டுவது என்பதுதான் வாரக்கணக்கில் இழுக்கும்.

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு பழைய தனி வீடு, 80 லட்சத்துக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அரசின் வழிகாட்டி மதிப்புப்படி, கட்டடத்தையும் சேர்த்து 45 லட்சம். நடுவில் நிற்கும் அந்த 35 லட்சம்தான் தமிழ்நாட்டின் மிகப்பெரிய பொதுத்துறை நிறுவனம். விற்பவர் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருப்பார். "எனக்கு இந்த பிளாக் கிளாக் எல்லாம் சுத்தமா பிடிக்காதுங்க. ஆடிட்டர்தான் ஒத்துக்க மாட்டேங்கறார்" என்பார். பாவம், ஆடிட்டரின் கொடுமையில் சிக்கித் தவிக்கிற மனிதர்.

புரோக்கர் கால்குலேட்டரை எடுப்பார். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 35 லட்சத்தை மறைத்தால் 3,15,000 ரூபாய் மிச்சம். பத்திரத் தொகை 50 லட்சத்தைத் தொடாததால் ஒரு சதவீத டி.டி.எஸ். பிடித்துக் கட்டுகிற தொல்லையும் இல்லை. "உங்களுக்குத்தான் சார் லாபம்!"

லாபத்தைப் பார்ப்போம். வங்கி 80 சதவீதம் கடன் தருகிறது என்றால், 80 லட்சத்துக்கு எழுதியிருந்தால் 64 லட்சம் கிடைத்திருக்கும். கைக்காசு 16 லட்சம் போதும். 45 லட்சத்துக்கு எழுதினால் கடன் 36 லட்சம்தான். மீதி 44 லட்சத்தை வீடு வாங்குகிறவரே புரட்ட வேண்டும், அதில் 35 லட்சம் கட்டுக் கட்டாக. வரியும் பி.எஃப்.பும் போக மிச்சத்தைச் சம்பளமாகப் பார்க்கிறவருக்கு அது எங்கிருந்து வரும்? மனைவியின் நகை, ஊரிலிருக்கும் அப்பாவின் வயல், தள்ளி எடுத்த சீட்டு. உலகத்தில் திருடர்கள் எல்லாம் கறுப்பை வெள்ளையாக்க அலைகிறார்கள். நம் ஊரில்தான் ஒரு யோக்கியன் வரி கட்டிய வெள்ளைப் பணத்தைக் கறுப்பாக்கி, மஞ்சள் பையில் போட்டு, அடுத்தவர் பீரோவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறான்.

அதோடு விட்டதா? நாளைக்கு அதே வீட்டை அவர் நேர்மையாக விற்றால், வாங்கிய விலை 45 லட்சம் என்றுதான் பத்திரம் சொல்லும். மறைத்த 35 லட்சமும் அவருடைய லாபமாகிவிடும். இன்றைய 12.5 சதவீதக் கணக்கில் அதற்கு வரி 4,37,500 ரூபாய். விற்றவர் கட்டாமல் விட்ட வரியை வாங்கியவர் தலையில் கட்டியதற்குப் பெயர்தான் அந்த 3,15,000 ரூபாய் மிச்சம்.

அரசுக்கு இதெல்லாம் தெரியாதா? அரசே நன்றாகப் பேரம் பேசத் தெரிந்த பார்ட்டி. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. அதே மூச்சில் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றிவிட்டுக் கட்டணத்தை 2 ஆக்கியது. மத்திய அரசு மட்டும் சளைத்ததா? 2016 நவம்பரில் ஒரே ராத்திரியில் கறுப்புப் பணத்தை ஒழித்தது. ஒழித்த கையோடு 2,000 ரூபாய் நோட்டை அச்சடித்துத் தந்து, மஞ்சள் பையின் கனத்தைக் குறைத்தது. வீடு, நிலம் விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் என்று 2015-லிருந்து சட்டமும் இருக்கிறது. நல்ல சட்டம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் கடையின் பின்னறையில், நோட்டு எண்ணும் மெஷின் சடசடக்கும் சத்தத்தில் அது யார் காதிலும் விழுவதில்லை. ரோட்டைக் கடந்து உள்ளே போனால் ஆதார், கைரேகை, கேமரா. கட்டைவிரல் உண்மையா என்று மூன்று முறை அழுத்திப் பார்க்கிறார்கள். விலை உண்மையா என்று கேட்க நாதியில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அரசாங்க முத்திரை குத்திய துண்டு இங்கே மட்டும்தான் கிடைக்கும்.

கொடுத்த ரொக்க அட்வான்ஸுக்கு ரசீது கேட்டால், "நம்பிக்கை இல்லையா சார்?" அடுத்த வாரம் கூடுதல் விலைக்கு ஆள் வந்தால், "வீட்ல ஒத்துக்கலை சார்." கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கொடுத்ததாக வழக்கு வந்தால் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏமாந்தவர் வாயைத் திறந்தால் அவர் வீட்டுக்கும் நோட்டீஸ் வரும்.

வாங்குகிறவரையாவது விடுங்கள், தெரிந்தே கையெழுத்துப் போடுகிறவர். பதிவன்று திருச்சியிலிருந்து பஸ் ஏறி ஒரு பெண் வருகிறார். விபூதி பூசிய விற்பவருக்கும் அவர் தம்பிக்கும் ஒரே தங்கை. அப்பா கட்டிய வீடு. உயில் எழுதாமல் போன அப்பாவின் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்பது 1956-லிருந்து சட்டம். அண்ணன்கள் சட்டத்தை மீறுகிறவர்கள் அல்ல. 45 லட்சத்தை மூன்றால் வகுத்து, 15 லட்சத்துக்கு டி.டி. எடுத்து வைத்திருக்கிறார்கள். "அந்த ஏரியால ரேட் ஏறிடுச்சுன்னாங்களே அண்ணே?" என்று அவர் தயங்கிக் கேட்டால், பத்திரத்தையே காட்டுகிறார்கள். "பாரும்மா, கவர்மெண்ட் பத்திரம். பொய்யா எழுதுவாங்க?" பதினொன்றரை லட்சத்துக்கு மேல் அந்த ஒரு வரியில் போய்விட்டது. கேட்டுக்கொண்டு நிற்கிறார் வாங்குகிறவர். கேட்டுக்கொண்டு நிற்கிறார் பத்திரம் எழுதியவர். சாட்சிகள் இருவர், சாட்சி என்றே பெயர் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். வில்லங்கச் சான்றிதழில் இந்த வில்லங்கம் ஏறாது.

எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்ததும் புரோக்கர் தலையைச் சொறிகிறார்.

"கமிஷன் ரெண்டு பர்சென்ட் சார். எண்பதுக்கு ஒண்ணு அறுபது."

"பத்திரத்துல நாற்பத்தஞ்சுதானேங்க இருக்கு?"

"என்ன சார் நீங்க, படிச்சவங்க! மனுஷன்னா ஒரு நேர்மை வேண்டாமா?"