சுந்தராம்பாளுக்குக் கவரிங் நகை

கொடுமுடியில் 1908-ல் பிறந்த கே.பி.சுந்தராம்பாள், மைக் இல்லாத காலத்து நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடியவர். அந்தக் குரலைக் கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றத்தான் இப்போது இத்தனை ஒயர்.

கேசட் ஓடுவது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். 60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் உட்கார்ந்தே ஆகவேண்டும். நடுவில் டேப் சிக்கும்; அதைச் சுற்றிச் சரிசெய்யப் பென்சில் வேண்டும். "நிறுத்துங்க, நிறுத்துங்க! பென்சில் எங்கீங்க?" என்று சித்தப்பா பதறுவார். பேனா, திருப்புளி, கடைசியில் சித்தியின் கொண்டை ஊசிவரை வரும். பென்சில் மட்டும் வராது.

அப்புறம் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள். இரைச்சல் நீக்கும் வசதி அதில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. ஒருமுறை நீக்கினால் 'உஸ்' போகும். இரண்டாம் முறை வயலின் போகும். மூன்றாம் முறை சுந்தராம்பாள் காவிரிக்குள் முங்கிக்கொண்டு பாடுவார். "இப்பத்தானுங்க கிளியரா இருக்குது!" என்பார் சித்தப்பா. அதோடு விடுவாரா? மோனோவில் பதிந்த பாட்டுக்கு எக்கோ, போலி ஸ்டீரியோ என்று பூட்டி அழகு பார்ப்பார். 1935-ல் வந்த 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கிய அம்மாளுக்கு இந்தக் கவரிங் நகையெல்லாம் எதற்கு?

எல்லாம் முடிந்ததும் அசலை அழித்துவிட்டு, எம்பி3 ஆக நசுக்கி, குடும்ப வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு அனுப்பிவைப்பார். பத்துப் பேர் கும்பிடு போடுவார்கள். ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

ஏற்றுகிறவர்களுக்கு ஒன்று: பிளேயரின் ஹெட்டைத் துடையுங்கள், 'உஸ்'ஸோடு உள்ள வேவ் பிரதியை அழிக்காதீர்கள். மணிக்குச் சுமார் 600 எம்பிதான் ஆகும்.